மஜ்ஜை மாற்றுக்காக நிலத்தை விற்காதீர்கள்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது பிளட் கேன்சர் என்று தெரிந்தால், மருத்துவர் பேசி முடிப்பதற்குள் உறவினர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். எலும்பு மஜ்ஜையை மாற்றிவிட வேண்டும். மாத்திரையெல்லாம் நாளைக் கடத்துகிற வேலை, மஜ்ஜையை மாற்றினால்தான் நோய் வேரோடு போகும். அடுத்த பேச்சு பணம் பற்றியது. பாலாற்றோரத்து அரை ஏக்கர், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை, ஷூ கம்பெனியில் கேட்டால் கிடைக்கும் முன்பணம், ஜமாஅத்திலும் கோயில் கமிட்டியிலும் கிடைக்கக்கூடிய உதவி என்று கணக்கு ஓடத் தொடங்கிவிடும். நோயாளியின் படத்தைப் போட்டு இணையத்தில் நிதி திரட்டுகிற வழக்கமும் இப்போது சேர்ந்துகொண்டது.

நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற நோயைப் பொறுத்தவரை இந்த முடிவு தவறானது. மருத்துவமனை வராந்தாவில் சி.எம்.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ரத்தப் புற்று என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. திடீரென்று தாக்கும் கடும் வகைகள் வேறு. அங்கே மஜ்ஜை மாற்று இன்றும் பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. நான் பேசுவது ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் வகையைப் பற்றி. இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று போனவருக்கு மண்ணீரல் வீக்கம் என்பார்கள். வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டி நிற்கும். பெரும்பாலும் இப்படித்தான் இது வெளிப்படுகிறது. அந்த ஆரம்பக் கட்டத்தில் உள்ளவரை மஜ்ஜை மாற்றுக்கு அவசரப்படுத்துவது, அவருக்குத் தேவையில்லாத ஓர் உயிராபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இந்த நம்பிக்கை மக்களின் அறியாமையால் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் இதுதான் உண்மையாக இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது 1986-ல். மருத்துவர் மாமன் சாண்டியின் தலைமையில் வளர்ந்த அந்த ரத்தவியல் துறை, இந்தச் சிகிச்சையில் நாட்டுக்கே வழிகாட்டியது. அப்போது சி.எம்.எல்.லுக்கு என்ன மருந்து இருந்தது? பியூசல்ஃபான், ஹைட்ராக்ஸியூரியா. இரண்டும் வெள்ளணு எண்ணிக்கையை இறக்கிக் காட்டும். நோயின் போக்கை மாற்றாது. நாலைந்து ஆண்டுகளில் நோய் முற்றி, கடும் லுக்கீமியாவைப் போல வெடித்துச் சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும். பின்னால் வந்த இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு உதவியது. ஓயாத காய்ச்சலும் சோர்வும் அதற்கு விலை. ஆகவே பொருந்துகிற அண்ணனோ தங்கையோ இருந்தால் மஜ்ஜை மாற்றுங்கள் என்று அன்றைய மருத்துவர்கள் சொன்னது முழுக்கச் சரி. 1990-களின் பிற்பகுதியில் உலகெங்கும் பிறர் மஜ்ஜையைப் பெறும் சிகிச்சை அதிகம் நடந்ததே சி.எம்.எல்.லுக்குத்தான். வேலூருக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நம் ஊர்களில் அந்தப் பேச்சு ஆழமாகப் பதிந்தது இயல்பு. பிழைத்து வந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரைக்கு இப்போது கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. அதற்குள் நோயின் கதையே மாறிவிட்டது.

1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் சி.எம்.எல். நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிதான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973-ல் ஜானட் ரவுலி காட்டினார். இந்த மாற்றம் ஒருவரின் ரத்த அணுவில் வாழ்நாளின் நடுவில் நேர்வது. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதுமில்லை. (நோயாளியின் தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போகும் கொடுமை இன்னும் நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.) துண்டுகள் இணைந்த இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற புதிய மரபணு உருவாகிறது. அது தயாரிக்கும் புரதம், வெள்ளணுக்களைப் பெருகு பெருகு என்று ஓயாமல் முடுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தைக் குறிவைத்து அடக்கும் மாத்திரைதான் இமாட்டினிப். பிரையன் ட்ரூக்கர் அதை 1998-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1,106 பேரைச் சேர்த்த ஐரிஸ் ஆய்வில், இமாட்டினிபில் தொடங்கியவர்களில் 83 சதவீதத்துக்கும் மேலானோர் பத்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். ஸ்வீடனின் நோயாளர் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான கட்டுரை, சி.எம்.எல். நோயாளியின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிட்டது என்றே சொன்னது.

மாத்திரையோடு ஒப்பிட்டால் மஜ்ஜை மாற்று எப்படி? இதற்கு ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீடுகளில் நடக்கும் வாதத்துக்கு நேரான பதில். 1995-க்கும் 2001-க்கும் இடையில் 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அதில் சேர்த்தார்கள். மஜ்ஜை பொருந்தும் உறவினர் இருந்தவர்களுக்கு மஜ்ஜை மாற்று. இல்லாதவர்களுக்கு அன்று கிடைத்ததில் சிறந்த மருந்து. ஒருவர் எந்தப் பக்கம் போவார் என்பதை மருத்துவரின் விருப்பமோ பணமோ தீர்மானிக்கவில்லை. உடன்பிறந்தவரின் ரத்தம் பொருந்துகிறதா என்பதுதான் தீர்மானித்தது. ஆகவே ஒப்பீடு நேர்மையானது. 2007-ல் முடிவு வெளியானபோது, மருந்துப் பக்கம் இருந்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். அந்த மருந்து பலருக்கு ஆரம்பத்தில் வெறும் இன்டர்ஃபெரான்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இமாட்டினிப் அவர்கள் கைக்குப் பிறகுதான் வந்தது. பொருத்தமான உறவினர் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எண்ணியவர்களில் சிலர், அந்த அதிர்ஷ்டத்தாலேயே முந்திப் போனார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம்: மாத்திரை நோயை அமுக்கி வைக்கிறது, மஜ்ஜை மாற்று ஒரே தடவையில் முடித்துவிடுகிறது. இரண்டு பாதியுமே பிழை. பல ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, மிக நுட்பமான பரிசோதனையிலும் இரண்டு ஆண்டுக்கு மேல் நோயின் தடமே தெரியாதவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள் பிரான்ஸில். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓராண்டு கடந்தும் நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மாத்திரையை மறுபடி தொடங்கியதும் நோய் அடங்கியது. (யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது தற்கொலைக்குச் சமம்.) மறுபக்கம், மஜ்ஜை மாற்றுக்குப் பிறகும் பிசிஆர்-ஏபிஎல் பரிசோதனை தொடரத்தான் செய்கிறது. ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பலாம். அப்படித் திரும்பியவர்களுக்கு, மஜ்ஜை கொடுத்தவரின் வெள்ளணுக்களை மறுபடி ஏற்றி நோயை அடக்க முடியும் என்று 1990-ல் மியூனிக்கில் கோல்ப் குழுவினர் காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்பு சொல்வது என்ன? மாற்றப்பட்ட மஜ்ஜையிலிருந்து பிறக்கும் எதிர்ப்பணுக்கள் நாள்தோறும் காவல் நிற்பதால்தான் நோய் அடங்கிக் கிடக்கிறது. அதே அணுக்கள் சில வேளை நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாக நினைத்துத் தாக்கும். தோல் கல்லாக இறுகி, கண்ணும் வாயும் வறண்டு, மூச்சு வாங்கி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையிலிருந்து தப்பிக்க மஜ்ஜை மாற்றுக்குப் போனவர் இன்னும் அதிக மாத்திரைகளோடு திரும்பி வரக்கூடும்.

இரண்டாவது வாதம் பணம் பற்றியது. ஒரு தடவை லட்சங்களைக் கொடுத்துவிட்டால் போதும், மாத்திரையோ வாழ்நாள் முழுக்கச் செலவு என்கிறார்கள். இதை 2003-ல் பேசியிருந்தால் பொருள் இருந்திருக்கும். அப்போது நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளீவெக் என்ற பெயரில் விற்ற இமாட்டினிப் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் தயாரித்தன. நோவார்ட்டிஸுக்குக் காப்புரிமை கிடைத்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். அந்த விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகம். நிராகரிக்கக் காரணமான காப்புரிமைச் சட்டப்பிரிவு 3(டி)யையே எதிர்த்து அந்நிறுவனம் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்துக்கு எதிராகவே இறுதித் தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் பல இந்திய நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்ததும் உண்மை; ஆனால் ஒரு நாட்டு நோயாளிகளின் உயிர் நிறுவனத்தின் தயவில் தொங்கக் கூடாது என்பதற்காகவே அந்தப் போராட்டம் நடந்தது. புற்றுநோயாளிகளுக்கான ஓர் அமைப்பு அதில் முன்னணியில் நின்றது. இன்று விலை அந்த 8,000 ரூபாயைவிடவும் நன்றாக இறங்கிவிட்டது. 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு தூரம் போராடி, நம் மாநிலத்தின் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் வென்றெடுத்த மாத்திரையை "நாளைக் கடத்துவது" என்று நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது எனக்கு வலிக்கிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் பதற வைப்பது. "வயசுப் பொண்ணு. கல்யாணம் ஆகணும். தினம் மாத்திரை சாப்பிடுறான்னா யார் கட்டிப்பாங்க? ஒரேயடியா மாத்திட்டா நல்லா ஆயிடுவா." மேற்கு நாடுகளில் சி.எம்.எல். பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் வருகிறது. இந்தியாவில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களையே அதிகம் பார்க்கிறோம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மெஷினில் உட்கார்ந்து மேல்பாகம் தைப்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். இவர்களில் ஒருத்திக்கு நோய் வந்தால் இந்தப் பேச்சு கட்டாயம் எழும். ஆனால் மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்க வீரியமான மருந்துகளைக் கொடுக்கிறார்களே, வழக்கமான முழு அளவில் கொடுத்தால் அவை பெரும்பாலும் சூலகத்தையும் செயலிழக்கச் செய்துவிடும். மாதவிலக்கு நின்றுபோகும், குழந்தை பெறும் வாய்ப்பு அநேகமாக முடிந்துவிடும். திருமணத்துக்காக மஜ்ஜை மாற்று என்று சொல்பவர்கள் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்கிறார்களா? கர்ப்ப காலத்தில் இமாட்டினிப் சாப்பிடக் கூடாது என்பது மெய். ஆனால் நோய் ஆழமாக அடங்கிய ஒரு கட்டத்தில், மருத்துவரோடு திட்டமிட்டு மாத்திரையை நிறுத்தி, தேவைப்பட்டால் இன்டர்ஃபெரான் துணையோடு குழந்தை பெற்ற பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மாத்திரை அந்தக் கதவைத் திறந்து வைக்கிறது. அவசரமாகச் செய்த மஜ்ஜை மாற்று அதைச் சாத்திவிடுகிறது.

இளம் உடம்பு மஜ்ஜை மாற்றைத் தாங்கும் என்பது மட்டும் ஓரளவு சரி. 2010-ல் வெளியான இன்னொரு ஜெர்மன் ஆய்வில், ஆரம்பக் கட்டத்திலேயே மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களில் 91 சதவீதம் பேர் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தார்கள். நல்ல எண். ஆனால் அவர்களோடு ஒத்த நிலையில் இமாட்டினிப் மட்டும் எடுத்தவர்கள் பிழைத்ததும் அதே அளவுதான். மாத்திரைப் பக்கம் யாரும் தனிமை அறையில் வாரக்கணக்கில் கிடக்கவில்லை.

அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது: நோய் முற்றிய பிறகு மஜ்ஜை மாற்றியவர்களில் மூன்றாண்டு கடந்தவர்கள் 59 சதவீதம். இதைக் குறைவு என்று பார்க்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் மருந்தால் மட்டும் நீண்ட நாள் பிழைப்பவர் அரிது. அங்கே மஜ்ஜை மாற்றுக்கு இணை இன்னும் வரவில்லை. ஆகவே "இனி மஜ்ஜை மாற்றே வேண்டாம், மாத்திரை போதும்" என்று புதிதாகக் கிளம்பியிருக்கும் பேச்சையும் நான் ஏற்கவில்லை. நோய் வெடிப்புக் கட்டத்துக்குப் போனவர்கள்; இமாட்டினிபும், அடுத்து வந்த டசாட்டினிப், நிலோட்டினிப் போன்றவையும் பலிக்காதவர்கள்; டி315ஐ என்ற மரபணு மாற்றம் வந்து, அதற்கான பொனாட்டினிபோ அசிமினிபோ கிடைக்காதவர்கள் அல்லது கிடைத்தும் பலன் காணாதவர்கள். இவர்களுக்கு மஜ்ஜை மாற்று தேவை, அதுவும் தாமதமில்லாமல் தேவை. உடன்பிறந்தவர் ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். பாதிப் பொருத்தம் உள்ள தாய் தந்தையிடமிருந்தே எடுத்துச் செய்யும் முறையும் இப்போது கைவந்திருக்கிறது. இரண்டாவது மருந்தும் தடுமாறத் தொடங்கும்போதே பொருத்தம் பார்த்து வைப்பது அறிவுடைமை. வயதானவர்களுக்கு வரும் நாள்பட்ட லிம்ஃபோ வகையிலும், அதாவது சி.எல்.எல்.லிலும், இப்ரூட்டினிப், வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரைகள் வந்த பிறகு மஜ்ஜை மாற்று மிகச் சிலருக்கு மட்டுமே என்றாகிவிட்டது.

மஜ்ஜை மாற்று என்ற ஸ்டெம் செல் சிகிச்சையின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. அதன் இடம் மாறியிருக்கிறது. தலசீமியாவோடு பிறந்து சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தை, மஜ்ஜையே வற்றிப்போன இளைஞன், கடும் லுக்கீமியாவில் ஒருமுறை தேறியவர் ஆகியோருக்கு அது உயிர். வேலூர் சி.எம்.சி. குழுவினர் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே குறைபட்ட மரபணுவின் நல்ல நகலைச் சேர்த்துத் திரும்ப ஏற்றி, ரத்தக் கசிவை நிறுத்திய செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. மாத்திரையால் வாழக்கூடியவர் ஒரு தனிமை அறையை எடுத்துக்கொள்ளும்போது, வேறு வழியே இல்லாத ஒரு குழந்தையின் முறை தள்ளிப்போகிறது.

நம் பகுதியில் இன்னொரு வாதமும் உண்டு. இது டேனரி கெமிக்கலால் வந்த நோய், விஷம் மஜ்ஜையில் ஏறியிருக்கிறது, ஆகவே மஜ்ஜையை மாற்றாமல் தீராது என்பார்கள். பாலாற்றைக் கொன்றது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1996-ல் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் டேனரிக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதை இந்த மாவட்டங்கள் மறக்கவும் கூடாது. ஷூ ஒட்டும் பசையில் இருந்த பென்சீனால் இஸ்தான்புல் தொழிலாளர்களுக்கு லுக்கீமியா வந்ததை முசாஃபர் அக்சோய் 1970-களில் காட்டியது தொழில் மருத்துவத்தில் பெரிய திருப்பம். ஆனால் பென்சீனோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டது கடும் வகை. சி.எம்.எல்.லுக்கு ஐயமின்றி நிறுவப்பட்ட வெளிக்காரணம் கதிரியக்கம். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் கண்டது அது. பசையும் கரைப்பானும் கையாளும் இடத்தில் காற்றோட்டம் கேட்டுப் போராடுவோம். அந்தக் கோபம் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டாம்.

தோல் தொழில் சி.எம்.எல். நோயாளிக்கு நிச்சயமாகச் செய்யும் கேடு வேறு இடத்தில் இருக்கிறது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இமாட்டினிப் எடுத்துவந்த 87 பேரின் மாத்திரைப் புட்டியில் மின்னணு மூடி பொருத்தி, எத்தனை முறை திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். எடுக்க வேண்டிய மாத்திரைகளில் 90 சதவீதத்துக்குக் கீழே போனவர்களுக்கு நோய் அடங்கும் வாய்ப்பு வெகுவாகச் சரிந்திருந்தது. 90 சதவீதம் என்றால் மாதத்தில் மூன்று மாத்திரை தவறுவது. ஆம்பூரில் மூன்று மாத்திரை எப்படித் தவறும்? மருந்து தீர்ந்த நாளில் ஷிப்மெண்ட் அவசரம் என்று விடுப்பு மறுக்கப்படும். போனால் அன்றைய கூலியோடு வருகைப் படியும் போகும். வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர், கூட ஓர் ஆள், இரண்டு பேருடைய நாள் கூலி. மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பிசிஆர்-ஏபிஎல் பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகத்தில் சில ஆயிரம் ரூபாய். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று முதலில் பரிசோதனை நிற்கும், பிறகு மாத்திரை தவறும். மருந்து கைவிட்டுவிட்டது என்று பின்னால் சொல்லப்படும் பல கதைகளில், மருந்து உடம்புக்குள்ளேயே போயிருக்காது.

நோயை வெடிப்புக் கட்டத்துக்குத் தள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று. அப்போது மஜ்ஜை மாற்று உண்மையிலேயே தேவைப்படும். அதற்கு ஊரே திரண்டு பணம் கொடுக்கும். நம் ஊர்க்காரர்களின் ஈகையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ரமலான் மாதத்தில் ஜகாத்தாக இந்த ஊர்களில் பகிரப்படும் பணம் எத்தனையோ சிகிச்சைகளை நடத்தியிருக்கிறது. ஆனால் பத்து லட்சம் கேட்டால் கொடுக்கிறவர்கள், ஒரு பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனையும் பஸ் செலவும் ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள் என்றால் தயங்குகிறார்கள். பெரிய சிகிச்சைக்குக் கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒருத்திக்கு நோய் முற்றாமல் பார்த்துக்கொள்வது தெரிவதில்லை. ஒரு மஜ்ஜை மாற்றின் செலவில் எத்தனை பேருடைய பரிசோதனைகளை ஆண்டுக்கணக்கில் நடத்தலாம் என்று ஜமாஅத் கமிட்டிகளும் சுழற்சங்கங்களும் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறார். புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதிக் காலம் முடித்தவருக்கு 80 சதவீதச் சம்பளத்தோடு இரண்டாண்டு வரை நோய்க்காலப் பயன் தர அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது. தைக்கும் வரிசையில் இருக்கும் எத்தனை பெண்களுக்கு இதை மனிதவள அலுவலர் சொல்லியிருப்பார்? மூன்று மாதத்துக்கு ஒரு நாள், படி பிடிக்காமல் மருத்துவ விடுப்பு தருவது எந்த ஏற்றுமதியையும் நிறுத்திவிடாது.

அரசிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. காசநோயைக் கண்டுபிடிக்க மாவட்ட அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று அழைக்கப்படும் கருவி இருக்கிறது; சளியில் காசக் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் காட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிதான் அது. அதே வகைக் கருவியில் ஓடக்கூடிய பிசிஆர்-ஏபிஎல் கார்ட்ரிட்ஜும் தயாராகிறது. விலை கூடுதல்தான், மொத்தமாக வாங்கினால் பேரம் பேச முடியும், காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க முடியும். திருப்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும் அது வந்துவிட்டால், காலை ஷிப்டுக்கு முன் ரத்தம் கொடுத்துவிட்டு அந்தப் பெண் வேலைக்குப் போகலாம். முடிவு வேலூர் மருத்துவருக்குப் போகும். எண் ஏறினால் அவர் அழைத்துப் பேசுவார், மருந்தை மாற்றுவார், தேவையென்றால் தம்பியின் ரத்தத்தைப் பொருத்தம் பார்க்கச் சொல்வார். எண் இறங்கியே இருந்தால் அடுத்த மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதித் தருவார், நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும்.